படகில் நின்ற தண்ணீர்

காலையில் பக்கெட்டால் ஒட்ட இறைத்த படகில் சாயங்காலம் மறுபடியும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மழை இல்லை. தார்ப்பாய் கட்டியது கட்டியபடி இருந்தது. அவிழ்த்ததும் பழைய கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது.

"எவனோ ஊத்தியிருக்கான். வேலவெட்டி இல்லாத பசங்க," என்றான் பூபதி. இந்த மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்காரர்கள் என்றாலே அவனுக்கு இளக்காரம். அவர்கள் மட்டுமென்ன, லாரி ஓட்டிய காலத்தில் கிளீனரையும் மெக்கானிக்கையும்கூட அவன் மனிதராக மதித்ததில்லை. கடலூர்ப் பக்கம் படகை விற்ற அண்ணாமலை படித்துப் படித்துச் சொன்னார்: "கடல்ல ஓட்டினா, அடியில இருக்கிற மூடியத் திருகி, உள்ள சேந்த தண்ணிய அங்கேயே வடிச்சிடணும். அப்புறம் நல்ல தண்ணில அலசணும். கடல் தண்ணியோட ஊரு தாண்டாதீங்க." பெரிய மகான் உபதேசம் என்று பூபதி பல்லைக் காட்டினான். கோடை முழுக்கக் கடலில் சவாரி விட்டான். சீசனுக்கு மலை ஏரியில் விடலாமென்று ட்ரெய்லரில் மாட்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான். மூடியைத் தொடவே இல்லை. இப்போது அது உப்பேறி இறுகி, ஸ்பேனருக்கும் மசியவில்லை.

குனிந்து இறைக்கச் சோம்பல். லாரிக்காரன் டீசல் எடுக்கிற மாதிரி ட்யூபைப் படகுக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். தண்ணீர் சில்லென்று வந்தது. அவன் விழுங்கவில்லை. அதுவாகத் தொண்டைக்குள் போனது. காறித் துப்பினான், எச்சில்கூட வரவில்லை.

வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்து இருசாயி நின்றிருந்தாள். "சாமி, காலைல எறச்ச அந்தத் தண்ணி பாஞ்ச எடத்துல மாடு கால வெக்க மாட்டேங்குது."

"உன்ற மாட்டுக்கு உன்ற புத்திதான இருக்கும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான்.

உலகத்தில் அவன் குரல் இறங்குவது மனைவி தேன்மொழியிடம் மட்டும்தான். நிறைமாதம். எத்தனையோ கோயில் ஏறி இறங்கித் தங்கிய பிள்ளை. அவளை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகக்கூடாது என்றுதான் லாரியை விற்றுப் படகு வாங்கினான்.

சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். உப்பு.

அவள் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "நல்ல ஊத்துத் தண்ணிதானுங்க. வெயில்ல நின்னீங்களாட்ட இருக்குது."

மறுபடி மொண்டு குடித்தான். குடிக்கக் குடிக்க நாவறட்சி ஏறியது. பொறுமை போய்ச் சொம்பை உதட்டிலேயே வைத்து உறிஞ்சினான். வெளியே படகிலிருந்து ட்யூப் வழியே கொட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. அந்த அமைதியில் வேறொரு சத்தம் கேட்டது. மெல்ல ஏறி, ஒரு நொடி நின்று, இரைந்துகொண்டே சரிகிற சத்தம். சன்னலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அங்கே இல்லை.

அவன் விலா எலும்புக்குக் கீழே.

பயந்தான். யாருக்கும் பயப்படாத பூபதி சொம்பை நழுவவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். ஏறியது. சரிந்தது. ஏறியது.

தேன்மொழி கீழே கிடந்த சொம்பை எடுத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம். அவன் எச்சிலென்று அவள் என்றைக்குப் பார்த்தாள்? வீணாக்குவானேன் என்று வாய்க்குக் கொண்டுபோனாள்.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். பல் வரைக்கும் தண்ணீர். குரல் அதற்கு அடியில் இருந்தது.

குடித்துவிட்டாள். முகம் சுளித்தாள்.

"ஏனுங்க... ஆமாங்க, உப்புக் கரிக்குது."

அவள் கை வயிற்றுக்குப் போனது. கால் வழியே தண்ணீர் இறங்கித் தரையில் பரவியது. வாசற்படி வரை போனது. நின்றது. பிறகு, பொடி மணலை இழுத்துக்கொண்டு, அவள் பாதத்துக்கே திரும்பி வந்தது. மறுபடியும் வாசற்படிக்குப் போனது.