நாலாம் தலைமுறைக் குப்பிகள்

2003. திங்கட்கிழமை, காலை ஆறு மணி. ஹட்டனுக்கு மேலே இருந்த தேயிலை ஆய்வுகூடத்தில் ஃப்ரீசரின் பிளக் கழன்று கிடந்தது. உள்ளே ஐந்து குப்பிகளும் உருகிப்போயிருந்தன.

ஆறரைக்கெல்லாம் கூடத்தின் தலைவர் துரைராசா, காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே போய்விட்டார். கொழுந்தெடுக்க நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும், கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் சிசிலிதான் நாசகாரி என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் அமிர்தநாதன் வந்தார். பிளக்கைத் தொடவே இல்லை என்றாள் சிசிலி. அவளைப் போலவே அமிர்தநாதனும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். போலீசில் சேருமுன் விஞ்ஞானப் பட்டம் வாங்கியவர். ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவளைப் பெரட்டில் வைத்து அவமானப்படுத்தியதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது.

நாசமானது என்ன என்று ஆராய்ச்சியாளன் கஜதீபன் விளக்கினான். தேநீர் ஆறினால் கலங்கும். அந்தக் கலங்கலைக் கரைக்கும் நொதியம், அதாவது என்சைம், சூட்டில்தான் வேலை செய்யும். குளிரிலும் வேலை செய்ய வைக்க, அதைச் சுரக்கும் பற்றீரியாக் கிருமியின் மரபணுவைக் கண்டபடி மாற்றி, ஆயிரக்கணக்கில் வளர்த்து, கெட்டிக்காரனை மட்டும் பொறுக்கி, அதையே திரும்பவும் மாற்றினார்கள். அப்படி நாலு தலைமுறை. வளர்த்தது முழுக்கக் கஜதீபன். துரைராசா இரசாயனக்காரர், நொதியத்தைத் தூளாக மட்டுமே கண்டவர்.

"குப்பியில இருந்த கிருமி செத்துப்போச்சா?" என்று கேட்டார் அமிர்தநாதன்.

"இல்லை சேர். வளர்ப்புத் தட்டில போட்டன், எல்லாம் நல்லா முளைச்சது. ஆனா நொதியம் பழுதாப் போச்சு. முதல் தலைமுறை அளவுக்குத்தான் வேலை செய்யுது. சூடு பட்டா நொதியம் கெடுந்தானே."

துரைராசா ஆமோதித்துத் தலையாட்டினார். அமிர்தநாதன் கஜதீபனின் அறையைச் சோதிக்க ஆளனுப்பினார். ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் ஐந்து குப்பிகள் இருந்தன. மேசையில் வெள்ளிக்கிழமைக்கு விமான டிக்கெட்.

"வெயில்ல பறிச்சுப் போட்ட கொழுந்து வாடும். அதுக்காகச் செடி அடுத்த கொழுந்த வேற சாதியாவா விடும்?" என்றார் அமிர்தநாதன். "சூட்டுல நொதியம் கெடலாம். கிருமி பொழைச்சா அதே நொதியத்தப் புதுசாச் செய்யும். ஒண்ணு சாகணும், இல்லாட்டி பழையபடி இருக்கணும். உசிரோட இருந்தும் மட்டமாச் செஞ்சா அது வேற கிருமி. முதல் தலைமுறைய வச்சு மாத்தியிருக்கீங்க. தூளோட பழகின இவரு அந்தக் கதைய நம்பலாம். வளர்த்த நீங்க நம்பவே முடியாது, தம்பி."

காலிக் குப்பி வைத்தால் திருட்டு. கெட்ட குப்பி வைத்துப் பிளக்கையும் கழற்றிவிட்டால் கூட்டுகிறவளின் பிழை. கஜதீபன் எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட்டிருக்கிறான்!

துரைராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, சிசிலி நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிசிலி எழுந்து நின்றாள். "பெரட்டுல வச்சுத்தானே சொன்னீங்க ஐயா. அங்கயே வந்து இல்லன்னு சொல்லுங்க. அப்பறம் வாறேன்."

துரைராசா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"பெரட்டுக்குப் போக காலையில ஆறு மணிக்கு ஜீப் வரும்," என்றார் அமிர்தநாதன். "ஏறிக்கிடுங்க."