கஃபர் ஜொலித்த இரவு

“எனக்க வீட்டுக்காரரு செத்தது நெசமா, பொய்யா? நாளைக்கு விடியதுக்குள்ள எனக்குத் தெரியணும், சார்.”

மழையில் நனைந்த சேலையோடு வாசலில் நின்றாள் செல்லக்கனி. 1951, ஆனி மாதம். குழித்துறை ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற துறைமுகச் சுங்க அதிகாரி ரசலையன் நாற்காலியைக் காட்டினார். மனைவி போனபிறகு அந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் சிக்கலோடுதான் வருவார்கள். அது தீர்ந்ததும் போய்விடுவார்கள். சைக்கிள் கடை ஜெயசிங் ஒருவன்தான் சிக்கல் இல்லாமலும் வருவான். இப்போதும் மூலையில் உட்கார்ந்து கப்பலண்டி என்கிற நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

அவள் சொன்னது இதுதான். கணவன் முத்துநாயகம் கொச்சியிலிருந்து போகும் அரபுப் பாய்க்கப்பலில் மாலுமி. கடைசியாக ஊருக்கு வந்து ஏழு வருஷமாகிறது. முந்தாநாள் அதே கப்பலில் வேலை செய்யும் மீரான் என்பவர் வந்து, தை மாசம் நடுக்கடலில் காய்ச்சலில் அவன் இறந்ததாகவும், உடலைக் கடலில் விட்டதாகவும் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை ஆற்றுப் படித்துறையில் அவளுடைய தாலியை இறக்கக் கணவனின் அண்ணன் ஏற்பாடு செய்துவிட்டார்.

“மீரான் பணம் ஏதும் கேட்டாரா?”

“சாயாகூடக் குடிக்கல்ல.”

“வீட்டைத் தேடி அலைஞ்சாரா?”

“இல்ல. நேரா வந்து கதவத் தட்டினாரு. கொட்டாரம் ஊருலேர்ந்து நான் இங்க வந்ததே பங்குனியிலயாக்கும். பக்கத்து வீட்டுக்காரிக்கே எனக்க பேரு தெரியாது. எனக்க வீட்டுக்காரருக்கு மட்டும் கொச்சிக் கம்பெனி விலாசத்துல ஒரு கார்டு போட்டேன்.”

“ம்... பின்னே எதுல சந்தேகம்?”



“கெட்டுன புதுசுல ராத்திரி முற்றத்துல இருந்து நட்சத்திரம் பாப்போம். சந்திரன் தங்குத எடத்துக்கெல்லாம் அரபியிலயும் பேரு உண்டாம். அவரு அதச் சொல்லுவாரு, நான் நம்ம பேரச் சொல்லுவேன். அவருக்குத் துரையான்னா எனக்குக் கார்த்திகை. தபரான் ரோகிணி. சிமாக் சித்திரை. எல்லாம் ஒத்துவரும். அடுத்தது அவருக்குக் கஃபர், எனக்குச் சுவாதி. அங்கதான் சண்டை! வரிசைல ரெண்டும் பதினஞ்சாவதுதான். ஆனா வானத்துல வேற வேற. சுவாதி நெருப்பா எரியும். கஃபரு கண்ணச் சுருக்கிப் பாத்தாத்தான் தெரியும். இந்த அழுக்குப் பொட்டா எனக்க சுவாதின்னு சிரிப்பேன்.”

“சரி.”

“மீரான் சொல்லுகாரு, சாவுகதுக்கு முந்தி கஃபரு தகதகன்னு எரிஞ்சுதாம். எனக்க வீட்டுக்காரரு கைய நீட்டி, இதாக்கும் எனக்க செல்லக்கனிக்க சுவாதின்னாராம்.”

ஜெயசிங் துள்ளி எழுந்தான். “கள்ளன்! பஞ்சாங்கத்தப் பாத்து, பதினஞ்சுக்குப் பதினஞ்சுன்னு ஒட்டியிருக்கான். அவன் கப்பலையே கண்டிருக்க மாட்டான், அண்ணாச்சி!”

“சந்தைப் பக்கம்தான் தங்கியிருப்பாரு. கூட்டிட்டு வா. ஏலே, சட்டையப் புடிச்சு இழுக்காத.”

அரைமணி நேரத்தில் மீரான் வந்தார். உப்புக் காற்றில் காய்ந்த முகம். செல்லக்கனியைப் பார்த்ததும் தலை தாழ்ந்தது.

ரசலையன் கப்பலண்டிப் பொட்டலத்தை மேசையில் கவிழ்த்தார். “எனக்க தீனி!” என்றான் ஜெயசிங். யாரும் கவனிக்கவில்லை.

“மீரான், இந்த மேசையை வானமா நெனச்சு, சிமாக்கை வையும்.”

மீரான் முழுப் பருப்பு ஒன்றை வைத்தார்.

“அதுக்கு அடுத்து சந்திரன் தங்குற வீடு?”

யோசிக்கவே இல்லை. விரல்கள் கப்பலண்டித் தொலியைப் பொடிப்பொடியாகக் கிள்ளி, மங்கல் பொட்டுகளாகப் பக்கத்தில் வைத்தன.

“சுவாதின்னு நாங்க சொல்லுத பெரிய நட்சத்திரம்?”

மீரான் இன்னொரு முழுப் பருப்பை எடுத்து வடக்கே தூரத்தில் வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

“பாத்தியா ஜெயசிங், கப்பலைக் காணாதவன் வைக்கிற வைப்பா இது? துறைமுகத்தில் இவங்களோட முப்பது வருஷம் பழகியிருக்கேன். தெருவுல தன் வீட்டை மறந்தாலும் மாலுமி வானத்தில் மறக்க மாட்டான். கஃபர் எரிஞ்சதுன்னு இவர் வாயில் தானா வராது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“யாரு?”

“அது பொய்யின்னு இந்த அம்மாவுக்கு மட்டும் புரியும்னு தெரிஞ்ச ஆள். அப்படி உலகத்திலேயே ஒருத்தர்தான் உண்டு. புது வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினதும் அவர்தான். தை மாசம் செத்தவர் பங்குனிக்குப் பிறகு போட்ட கார்டை எப்படிப் படிச்சார்? நீங்களே படிச்சீங்கன்னு சொல்லலாம், மீரான். ஆனா இந்தத் தொலியை வச்சது உங்க கை.”

மீரான் செல்லக்கனி பக்கம் திரும்பினார்.

“அல்லாவாண, எனக்கு மனசே இல்ல தங்கச்சி,” என்றார் மீரான். “உசிரோட இருக்கான். மட்டாஞ்சேரியில வேற குடும்பம், ரெண்டு பிள்ளைங்க. ‘ஊருக்கு நான் செத்தவனா இருக்கட்டும், அவளுக்கு மட்டும் வெளங்கும்படி இப்படிச் சொல்லு’ன்னு காலப் புடிச்சான்.”

ஜெயசிங்கின் குரல் இளகியது. “ஒங்ககிட்ட முழுப்பொய் சொல்ல அவருக்கு மனசு வரல்ல பாத்தியளா, அக்கா.”

“மனசா?” செல்லக்கனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “செத்தாருன்னா அழுது தீத்திருப்பேன். வேற கெட்டிக்கிட்டாருன்னா ஏசித் தீத்திருப்பேன். ரெண்டுக்கும் விடல்ல. ஒத்த வார்த்தைய உள்ள பொதிஞ்சு அனுப்பி, இன்னும் ஏழு வருஷம் வாசலப் பாத்துட்டு இரின்னு சொல்லுகாரு. அங்க பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு, இங்க ஒருத்தி காத்திருக்கான்னு அவருக்கு நெனச்சுக்கிடணும்!”

ஜெயசிங் சொன்னதையே தானும் ஆறுதலாகச் சொல்ல இருந்தார் ரசலையன். அதை விட்டு, மேசையில் கிடந்த தொலியைத் துடைத்தெடுத்தார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். கழுத்துக்குப் பின்னால் கைகள் கொஞ்ச நேரம் அசைந்தன. திரும்பி வந்து, மஞ்சள் சரட்டோடு தாலியை மீரானின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நாளைக்குப் படித்துறையில நாலு பேரு கூடி எறக்க வேண்டாம். இத அவருகிட்ட குடுங்க.”

“தங்கச்சி, என்ன சொல்லட்டும்?”

“நான் உசிரோட இருக்கேன்னு சொல்லுங்க.”

மழை விடுவதற்குக் காத்திராமல் அவள் இறங்கி நடந்தாள்.