மூளைக்குப் பசிக்குது, சேர்!

"என்ட எஞ்சின்...!"

சுபைதாவின் அலறலில் திருகோணமலைத் துறைமுகக் கரையில் இருந்த காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

மணலில் அவளுடைய போட் கிடந்தது. பின்பக்கம் மொட்டை!

"இனி எப்பிடிக் கடலுக்குப் போற? புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்கிற? என்ட றப்பே...!"

கூட்டத்தோடு நின்று 'உச்' கொட்டினான் அஷ்பாக்.

எஞ்சின் திருத்துகிறவன். அந்த எஞ்சினைக் களவெடுத்தவனும் அவன்தான்!

கரையில் எஞ்சின் திருத்துகிற எல்லாரையும் பொலிஸ் கூப்பிட்டது. அஷ்பாக் பயப்படவில்லை.

காரணம்... இன்ஸ்பெக்டர் துவாரகன்!

சோறு, பாண், சீனி எல்லாவற்றையும் விட்டு உடம்பைக் குறைக்கிற மனிதர். அதிலே மூளை மங்கிப்போச்சாம். தொப்பியைப் போட்டுக்கொண்டே தொப்பி தேடினாராம். கள்ளனை அனுப்பிவிட்டு, முறைப்பாடு கொடுக்க வந்தவனைப் பொலிஸ் கூட்டுக்குள் போட்டுப் பூட்டினாராம். துறைமுகம் முழுக்க இதே கதை.

அஷ்பாக்கும் சோற்றை விட்டவன்தான். ஜுமானாவோடு கல்யாணம் நெருங்கிவிட்டது. கல்யாணக் கோட்டின் பொத்தானோ பூட்டமாட்டேன் என்கிறது. இந்தக் கிழமை முழுக்க முட்டையும் மீனும்தான். தலை இடித்தது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டே பொலிஸ் ஸ்டேஷனுக்குள் போனான்.

"இருங்கோ தம்பி..." துவாரகன் கதிரையைக் காட்டினார். "உங்கட சைக்கிள் எப்ப களவு போனது?"

அஷ்பாக் சிரிப்பை அடக்கினான்.

"சைக்கிள் இல்ல சேர். எஞ்சின். சுபைதாத்தாட எஞ்சின்."

"ஓமோம்... நாப்பது குதிரைவலு எஞ்சின்."

"பதினைஞ்சு, சேர்!"

"சிவப்பு."

"நீலம், சேர்!"

தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். இந்த ஆளை எவன் இன்ஸ்பெக்டர் ஆக்கினான்?

"ரெண்டு பேர் வள்ளத்தில ஏத்திக்கொண்டு போயிருக்கினம்..."

"ஒராள்தான் சேர்! வள்ளமும் இல்ல, ஓட்டோ!"

"ஓ... மறந்துபோச்சு." துவாரகன் நெற்றியைத் தேய்த்தார். "கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள போட்டிட்டினம், என்ன? கிணறு இறைக்க ஆள் பாக்கோணும்..."

அஷ்பாக்குக்குப் பொறுக்கவில்லை!

"கிணத்துக்குள்ள போட்டா எஞ்சின் பழுதாப் போகாதா சேர்? உங்களுக்கு எத்தின தரம் சொல்ற? என்ட கடையில கிடக்கிற பழைய பிரிஜ்ஜுக்குள்ள..."

நிறுத்தினான்.



துவாரகன் மெல்ல நிமிர்ந்தார். கண்கள் கத்தியாய் மின்னின.

"சொல்லுங்கோ தம்பி. இனி நான் ஒண்டும் மறக்கமாட்டன்."

அஷ்பாக் கதிரையை விட்டு எழும்பினான். "சேர்... உங்கட... மூளை..."

"அது சோறு விட்ட புதுசில! தலையிடி, மறதி, எல்லாரிலயும் கோவம். எனக்கும் வந்ததுதான். உடம்பு பழகத் தெளிஞ்சிட்டுது. ஊர்க் கதையை மட்டும் நான் மறுக்கேல்ல. எனக்கு முன்னால கள்ளர் தாராளமாக் கதைக்கினம்!"

அவர் முன்னால் குனிந்தார்.

"நீங்கள் நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு வரேக்கயே விளங்கிட்டுது. இண்டைக்கு மூளை மங்கின ஆள் நானில்லை எண்டு!"

பொழுது சாயுமுன் எஞ்சின் கரைக்கு வந்தது. சுபைதா அதைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

கூட்டுக் கதவு திறந்தது. அஷ்பாக் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சேர்... நான் எடுக்கல்ல சேர்... எஞ்சின் தானா வந்து பிரிஜ்ஜுக்குள்ள..."

துவாரகன் பெருமூச்சு விட்டார்.

"உள்ளுக்குப் போங்கோ தம்பி. சோத்துப் பார்சல் வரும். வயிறாரச் சாப்பிட்டிட்டு... கொஞ்சம் நல்ல பொய்யா யோசிச்சுச் சொல்லுங்கோ!"