கரண்ட் போன தொட்டி

கரண்ட் போய் வெகு நேரமாகியும் மீன் தொட்டியில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

பெங்களூர் தொம்மலூரில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஸ்ரீகண்டன் ஆசை ஆசையாக வாங்கிவைத்த தொட்டி அது. காற்று மோட்டார், ஃபில்டர், ஹீட்டர், விளக்கு என்று அதற்கு மட்டுமே தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஃபில்டர் பஞ்சிலிருந்து கிளம்பி ஹாலெங்கும் பரவும் அழுகிய பாசி நாற்றம், சோற்றில் கைவைக்கும்போதுகூட அவன் மனைவி தமயந்தியைக் குமட்டவைக்கும். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் அடங்கிப்போன இந்த மழைமூட்டப் பிற்பகலில், ஈர உதடுகள் மெல்லத் திறந்து மூடுவதுபோல அந்த ஒரு சத்தம் மட்டும் ஓயவில்லை.

அவள் காற்று மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள். காற்றுக் குழாயையும் தண்ணீரிலிருந்து உருவினாள். குமிழி நிற்கவில்லை.

கணவனின் ஆபீசுக்கு போன் செய்தாள்.

“மோட்டார் ஓடலைங்க. ஆனா குமிழி வருது.”

“அது எப்படி வரும்? கரண்ட் இல்லேன்னா மீனுக்கு மூச்சு முட்டும், தமயந்தி. கையை விட்டுத் தண்ணியைக் கலக்கிட்டே இரு. இல்லேன்னா எல்லாம் செத்துடும்.”

“எனக்கு அருவருப்பா இருக்கு.”

“கொஞ்ச நேரம்தான். இதோ கிளம்பிட்டேன்.”

மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைப் பிளந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள்.

ஹீட்டர் அணைந்த தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். ஆனால், காய்ச்சல் கண்டவர் வாய்க்குள் விரலை விட்டதுபோல் சுட்டது. எச்சிலாக நூல்நூலாய் விரலில் ஒட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கலக்கினாள். வழவழவென்று ஏதோ முழங்கையில் ஏறியது. கண்ணைத் திறந்தாள். மீன்கள். அவள் கையைப் பற்றித் தண்ணீரைவிட்டு வெளியேறப் பார்த்தன.

அடியில் கூழாங்கற்கள் உயர்ந்தன. தாழ்ந்தன.

கையை இழுத்தாள். வரவில்லை.

பல் இல்லாத ஈறுகள். மெத்தென்று. சூடாக.

சப்பின.

கரண்ட் வந்தது. தொட்டி விளக்கு மினுக்கி எரிந்தது. கற்கள் இரண்டாக ஒதுங்கிய இடத்தில், மூலைக்கு மூலை, வெளுத்த ரோஸ் நிறச் சதை. அதற்குள் அவள் கை மணிக்கட்டுவரை புதைந்திருந்தது. வலிக்கவே இல்லை. சதை ஒருமுறை சுருங்கி அசைபோட்டது. பிறகு, இரையில் சிக்கிய கல்லை மீன் உமிழ்வதுபோல், அவள் கல்யாண மோதிரத்தை மட்டும் வெளியே உமிழ்ந்தது.