பதினொரு பச்சைத் துண்டுகள்

லோகேஸ்வரன் சொன்ன அடையாளம் சரியாகவே இருந்தது. புக்கிட் செலம்பாவ் சாலையை விட்டுச் செம்மண் பாதையில் திரும்பி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. அதற்கு எதிரே பலகை வீடு. ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிகள் குடியிருந்தது. உமாராணி காரை நிறுத்தியபோது பகல் பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் வாசற்படியில் கால் வைத்ததும் கிணற்றில் இறங்கியதுபோல் உடம்பு சில்லிட்டது.

"நீங்க வரலியா தம்பி?"

லோகேஸ்வரன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. "பெட்டி உள் ரூம்ல இருக்குக்கா. எல்லாம் பாப்பம்மா அத்தை துணி. போன மாசம்தான் தவறிட்டாங்க. சும்மா எடுத்துக்கங்க. குப்பைக்குப் போறதுக்கு, உங்க மாதிரி தைக்கிறவங்க கையில போனா நல்லதுதான லா."

உமாராணி பாக்கார் ஆராங்கில் வீட்டிலிருந்தபடியே குவில்ட் தைப்பவள். அழகான துணிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, கையாலேயே தைத்துப் போர்வையாக்குவாள். இம்முறை தைக்கப்போவது யாருக்கும் விற்பதற்கல்ல. தங்கை ஷாமளாவின் குழந்தைக்கு.

ஷாமளாவுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் நிலைக்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது, பிறந்ததும் முதலில் போர்த்துவது யாராவது உடுத்திப் பழகிய துணியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பழைய புடவையில் தைத்தால் எதையும் வாங்கியதாகாது, வழக்கமும் மீறாது என்று உமாராணி கணக்குப் போட்டாள். ஆனால் அவர்களுடைய அம்மா விட்டுப்போனது ஒரு கூடை பாலியெஸ்டர் நைட்டிகள்தான். பச்சைக் குழந்தையின் தோலுக்கு அவை ஆகுமா? அதனால்தான் ஃபேஸ்புக்கில் லோகேஸ்வரன் போட்ட படத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

தகரப் பெட்டியைத் திறந்தாள். பாச்சை உருண்டை நெடி முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை. ஆறிப்போன பாலின் வாசனை.

சுங்குடிப் புள்ளிகள், கண்டாங்கிக் கட்டங்கள், கிளி போட்ட பாத்தேக் துணி என்று ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில், தனியாக மடித்து அது இருந்தது. இளவாழையிலைப் பச்சை நிறத்தில், கத்தரிப்பூ நிறக் கரை போட்ட பருத்திப் புடவை. எத்தனை நூறு முறை துவைத்திருந்தால் ஒரு துணிக்கு இத்தனை மென்மை வரும்? கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இரண்டு தலைப்பிலும் துணி சுருங்கி நைந்திருந்தது, எதிலோ வெகுநாள் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டதுபோல. கொடிக்கயிறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே கிரீச்சென்று ஒரு சத்தம்.

சற்று இடைவெளி விட்டு மறுபடி. கயிறு மரத்தில் உரசும் சத்தம், ஒரே சீராக.

அண்ணாந்து பார்த்தாள். உத்திரத்தில் கயிறு தேய்த்த இரண்டு பள்ளங்கள் இருந்தன. கயிறு எதுவும் இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. உமாராணி துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மதியச் சமையல் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு இரண்டு மணிக்குத் தைக்க உட்கார்ந்தாள். கணவன் சசிதரன் தொழிற்சாலையிலிருந்து வர ஏழரை ஆகும். ஏழு மணிவரை நேரம் அவளுடையது. பச்சைப் புடவையின் நல்ல பகுதியில் பதினொரு துண்டுகள் தேறின. அவற்றைப் போர்வையின் நடுவில் வட்டமாக அமைத்து, சுற்றிலும் சுங்குடியையும் கண்டாங்கியையும் கோத்தாள். கண்ணுக்கு அத்தனை நிறைவாக இருந்தது.

முதல் பச்சைத் துண்டைப் பஞ்சோடு சேர்த்து நூலோட்டினாள். பத்துத் தையல் போயிருக்கும். மடி வெதுவெதுத்தது. பஞ்சின் சூடு என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அப்படி விட முடியவில்லை. போர்வை கனத்தது. நான்கு பச்சைத் துண்டு சேர்ந்த துணிக்கு ஒரு கிலோ எடை எப்படி வரும்? ஊசியைக் குத்தி இழுக்கும்போதெல்லாம் மடியில் ஏதோ மெல்லப் புரண்டு படுத்தது. எழுந்து உதறினாள். வெறும் துணி. இலேசான துணி.

உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். மறுபடி கனம்.

அதைவிடப் பயம் தந்தது வேறொன்று. அந்தக் கனம் மடியில் இருந்தபோது அவளுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருடமாக வெறுமையாய்க் கிடந்த மடி அது. சுற்றிலும் பால் வாசனை. சிமெண்டுக் கூரை போட்ட அந்த வீட்டில் உத்திரம் ஏது? ஆனாலும் எங்கோ மேலே, கிரீச்சென்று கயிறு உரசிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை ஷாமளா பீடோங்கிலிருந்து பேசினாள்.

"அக்கா, வயித்துல இருக்கிற இவன் சரியான சோம்பேறிக்கா. காலையில ஃபுட்பால் ஆடுறான். ரெண்டு மணியாச்சுன்னா தூங்கிடுறான். பொழுது சாஞ்சாத்தான் முழிக்கிறான்."

"அவன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"இந்தச் சோம்பேறித்தனம் ஆம்பளைக்குத்தான் லா வரும். எங்க வீட்டுக்காரரைப் பாக்கலியா?"

இருவரும் சிரித்தார்கள். உமாராணி போர்வையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தாள்.

எட்டாம் நாள் மாலை ஏழு மணிக்குக் கடைசிப் பச்சைத் துண்டை முடித்து, நான்கு பக்கமும் கரை மடித்து மூடினாள். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்த நொடியில், மடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஷாமளா அழைத்தாள். குரலில் விளையாட்டு இல்லை.

"அக்கா, குழந்தை காலையிலிருந்து அசையல. நேத்து ராத்திரியும் அசையல. இவரு கார் எடுக்கப் போயிருக்காரு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். சார்ட்டைப் படம் எடுத்து அனுப்புறேன், நீ ஒரு தடவை பாரு. நான் ஒழுங்காத்தான் எண்ணினேன்."

கிளினிக்கில் கொடுத்த உதைக் கணக்கு அட்டை அது. குழந்தை உதைக்கும்போதெல்லாம் அந்த மணிக்கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். உமாராணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திங்கள், இரண்டிலிருந்து ஏழுவரை ஒரு கோடும் இல்லை. செவ்வாய் இல்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணிக்கு நான்கு கோடு, ஐந்து மணிக்கு ஆறு கோடு.

ஞாயிற்றுக்கிழமை அவள் தைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள்.

மேசையில் விரித்துக் கிடந்த போர்வையைப் பார்த்தாள். பச்சை வட்டத்தின் நடுவே துணி ஒரு முழ நீளத்துக்குக் குழிந்திருந்தது. உள்ளங்கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

நாலைந்து முறை முயன்று, ஒரு மணி நேரம் கழித்துத்தான் லோகேஸ்வரன் போனில் கிடைத்தான். "அந்தப் பச்சைப் புடவை என்ன தம்பி? மறைக்காம சொல்லுங்க."

"அது பெட்டியிலயா இருந்துச்சு? எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா. அத்தை அதுலதான் பிள்ளையைத் தூங்கவைக்க உத்திரத்துல ஏணை கட்டியிருந்தாங்க. அவங்களுக்கு ஒரே பிள்ளை. ஒரு நாள் மத்தியானம் ஏணைக்கயித்தைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டு, ஆட்டிக்கிட்டே மெஷின்ல தச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பிள்ளை அழவே இல்ல. நல்லாத் தூங்குதுன்னு நெனச்சுட்டாங்க. ரெண்டு மணியிலேருந்து வெளக்கு வைக்கிற வரைக்கும் ஆட்டியிருக்காங்கக்கா. அப்புறம்தான் எடுத்துப் பாத்தாங்க."

உமாராணி மேசையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"என்னை எரிக்கிறப்ப அந்தப் புடவையையும் கூட வைங்கடான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்க புதுப் பட்டு கட்டி அனுப்பிட்டோம். மறந்துட்டோம்கா."

போனை வைத்ததும் ஷாமளாவின் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் படுக்கவைத்து வயிற்றில் பட்டை கட்டியிருந்தார்கள். கருவியில் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. லப்... லப்... நடுவே நீண்ட இடைவெளி.

"துடிப்பு கொறையுதுன்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்றாங்க. டாக்டர் வந்துக்கிட்டு இருக்காரு. லைன்லயே இரு அக்கா, பயமா இருக்கு."

"இருக்கேன்டா. போனை வைக்காதே."

உமாராணி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். பச்சை வட்டத்தின் ஓரத்தில் ஒரே வெட்டு.

ஷாமளா அலறினாள்.

கத்தரிக்கோல் கை நழுவித் தரையில் விழுந்தது. போனில் தங்கை மூச்சு வாங்கினாள். "வயித்துல கத்தி வச்ச மாதிரி இருந்துச்சுக்கா."

வெட்ட முடியாது. போட்ட தையலைப் போட்ட வழியே பிரித்துத்தான் ஆக வேண்டும்.

தையல் பிரிக்கும் சிறிய கொக்கிக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போர்வையை மடியில் வைத்ததும் கனம் இறங்கியது. இத்தனை நாளில்லாத கனம். முழுதாகப் பிறந்த குழந்தையின் கனம்.

ஒரு தையல். இன்னொரு தையல். அவளுடைய தையல்கள்தாம், அரிசி மணி அளவில் நெருக்கமாய்ப் போட்டவை. நெருக்கமாய்ப் போட்டோமே என்று முதல் முறையாகத் தன் கைநேர்த்தியைச் சபித்தாள். முதல் துண்டு கழன்றது.

லப். லப்.

இரண்டாவது. மூன்றாவது. நகக்கண்ணில் கத்தி பட்டு இரத்தம் துளிர்த்தது. ஐந்தாவது துண்டு கழன்றபோது போனில் துடிப்பு கொஞ்சம் நெருங்கியது. ஏறுது, ஏறுது என்று யாரோ மலாயில் சொல்வது கேட்டது.

உத்திரமில்லாத கூரையில் கயிறு உரசத் தொடங்கியது.

ஆறாவது. ஏழாவது. பகல் வெளிச்சம் சன்னலுக்கு வெளியே அப்படியே இருந்தது. அறைக்குள் மட்டும் விளக்கு வைக்கும் நேரம்போல் மங்கிக்கொண்டு வந்தது. எட்டாவது துண்டில் கை வைத்தபோது அவள் தோளுக்குப் பின்னால், காதோரம், களைத்துப்போன ஒரு பெண்குரல் கேட்டது.

"தூங்குது. எழுப்பாதம்மா."

உமாராணி திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும். ஒன்பதாவது.

"இப்பத்தான் தூங்குச்சு."

"அது உங்க பிள்ளை இல்லீங்கம்மா," என்றாள். "என் தங்கச்சி பிள்ளை. வுட்டுடுங்க."

பத்தாவது துண்டு கழன்றது. கடைசித் துண்டின் அடியில் ஒரு சின்னப் பாதம் அவள் உள்ளங்கையை அழுத்தியது. ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன. பற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் பற்றிக்கொண்டாள்.

போனில் துடிப்பு நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு கையை விடுவித்துக் கடைசி நூலை இழுத்தாள்.

லப்லப், லப்லப், லப்லப். குதிரை ஓட்டம்போல் கருவி ஒலித்தது. ஷாமளா அழுதுகொண்டே சிரித்தாள். "உதைக்குதுக்கா. உதைக்குது." பிறகு டாக்டர் வந்தார், கட்டிலைத் தள்ளும் சத்தம் கேட்டது, தொடர்பு அறுந்தது.

பிற்பகல் இரண்டே காலுக்கு, அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. சோம்பேறி இல்லை. வார்டே அதிர அழுதாள்.

மறுநாள் உமாராணியும் லோகேஸ்வரனும் தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பதினொரு பச்சைத் துண்டுகளையும், மிச்சப் புடவையையும், கழன்ற நூலையும் ஒன்று விடாமல் பாப்பம்மாவை எரித்த இடத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். சாம்பல் ஆகும்வரை இருவரும் நின்றார்கள். "மன்னிச்சுக்க அத்தை," என்றான் லோகேஸ்வரன். அதற்குப் பிறகு பாக்கார் ஆராங் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, ஒரு வாசனையும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பீடோங்குக்குப் போனாள். காலை பத்து மணி. வீட்டு வாசலில் குழந்தைத் துணிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஷாமளா கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அக்காவின் மடியில் கிடத்தினாள்.

"பெரியம்மாகிட்ட கொஞ்ச நேரம் இரு. அம்மா சாப்பிடணும்ல."

உமாராணி இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பான கனம். குழந்தை அவளையே பார்த்தது, கொட்டாவி விட்டது, பிறகு முகம் சிவந்து சிணுங்கியது.

"பசி வந்துடுச்சு மகாராணிக்கு. கொடுக்கா."

ஷாமளா குனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் திரும்பிப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். அறையில் குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உமாராணி அசையவில்லை.

"என்னக்கா, பிள்ளையைத் தூக்கினப்புறமும் கையை அப்படியே வச்சிருக்கே?"

மடியின் கனம் துளியும் குறையவில்லை. கைகளுக்கு நடுவே ஏதோ மெல்லப் புரண்டு, அவள் வயிற்றோடு ஒட்டிப் படுத்து, ஒருமுறை உதைத்தது.