கண்ணன் பெயரில் ஒரு சர்வர்

தப்ரேஸ் ஓடிபி கேட்கவே இல்லை. கேட்காமலே வந்தது.

செம்பூரில் அந்த டயாலிசிஸ் சென்டரின் முதல் மாடியில், தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தது சர்வர் அறை. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணனின் ஐடியையும் பாஸ்வேர்டையும் அடித்துவிட்டு, அடுத்து வந்த பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான் தப்ரேஸ். நாற்பத்தொன்றில் முடியும் செல் நம்பருக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அது செத்துப்போன கண்ணனின் நம்பர். இதை எப்படி மறந்தோம் என்று தன்னையே நொந்துகொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது, மேஜையில் கவிழ்ந்து கிடந்த அவனுடைய போன் ஒரு தடவை அதிர்ந்தது.

ஆறு எண்கள். மூன்றுக்குப் பிறகு ஓர் இடைவெளி. மேலே அனுப்பியவர் பெயர்: கண்ணன்.

கண்ணனின் மனைவி கீதாவிடம் அந்த சிம் இருக்கும், ஏதோ ஓடிபி வந்திருக்கிறதே என்று பார்த்து அனுப்பியிருப்பாள் என்று அவன் முதலில் நினைத்தான். அப்படி நினைப்பதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஆனால் அந்த இடைவெளி அவன் கண்ணை விட்டுப் போக மறுத்தது.

சுடலைக்கண்ணனும் அவனும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். சேர்ந்துதான் தொழில் கற்றார்கள், சேர்ந்துதான் சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கும் லெதர் கம்பெனிகளுக்கும் சர்வர் பார்த்தார்கள். சர்வரில் ஓடும் சிஸ்டத்துக்கு வருடா வருடம் சந்தா கட்டினால்தான் அப்டேட் வரும். கட்டாவிட்டால் அது பழைய நிலையிலேயே நின்றுவிடும். அதை விற்கிற கம்பெனி ஒரே ஒரு சலுகை வைத்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் தனி ஆள் தன் பெயரில் கணக்குத் தொடங்கி, நான்கைந்து மெஷினை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணன் அப்படி ஒன்று வைத்திருந்தான். சந்தா கட்ட மனமில்லாத முதலாளிகளின் சர்வர்களெல்லாம் அவன் பெயரில்தான் ஏறும். "என் பேர்ல போட்டுக்கோல, எனக்கென்ன குறைஞ்சா போவும்" என்பான். தப்ரேஸ் எங்காவது உட்கார்ந்து, "கண்ணா, ஓடிபி அனுப்பு" என்று மெசேஜ் போடுவான். ரயிலில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் சரி, இடது பெருவிரலால் தட்டி அனுப்பிவிடுவான் கண்ணன். அவன் இடது கைக்காரன். ஒரு வணக்கம், ஒரு கேலி எதுவும் இருக்காது. ஆறு எண்கள். மூன்றுக்குப் பிறகு ஓர் இடைவெளி.

அவன் செத்த மழைக்காலத்தோடு சேர்த்து இது மூன்றாவது. குர்லாவுக்கும் சுனாபட்டிக்கும் நடுவில் ஹார்பர் லைன் ரயிலிலிருந்து விழுந்தான்.

ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம்தான். மேலே யோசிக்க நேரமில்லாமல் தப்ரேஸ் அதை அடித்தான். ஏற்றுக்கொண்டது.

அவசரத்துக்குக் காரணம் அவனுடைய உம்மா. சென்டரில் எந்த நோயாளிக்கு எந்தக் கட்டில், எந்த மெஷின், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஒரு சாஃப்ட்வேரில் இருந்தது. திங்கட்கிழமை முதல் பழைய சிஸ்டத்தில் அது திறக்காது என்று அறிவிப்பு வந்து மாதமாகிறது. மேனேஜர் மகேஷ்குமார் சந்தா கட்டமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். ஏதாவது ஜுகாட் பண்ணு, எப்போதும் பண்ணுகிற குறுக்கு வழிதானே என்றார். இலவசமாகக் கிடைக்கும் வேறொரு சிஸ்டத்துக்கு முறையாக மாற்றியிருக்கலாம், அதற்கு இரண்டு நாள் சென்டரை மூட வேண்டும், அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. திங்கள் காலை முதல் ஷிஃப்டில் மூன்றாம் கட்டில் உம்மா நூர் நிஷாவுக்கு. போன வருட மழையில் தண்டவாளமும் ரோடும் முங்கி ஒரே ஒரு டயாலிசிஸ் தவறியதில் அவள் நெஞ்சில் நீர் கட்டி, மூச்சுக்குத் தவித்து, சயன் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். இன்னொரு தடவை தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இன்று ஞாயிறு சாயங்காலமே அவளைக் கூட்டி வரச் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டுப் பைசான் தன் டாக்சியில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடுவான். இவன் இறங்கிப் போய்க் குடை பிடித்து மேலே அழைத்து வந்து, மூன்றாம் கட்டிலிலேயே இரவு படுக்கவைப்பான்.

திரையில் கம்பெனியின் விதிமுறைகள் நீண்டிருந்தன. அடியில் ஒரு கட்டம். இந்தக் கணக்கு ஒரு தனி ஆளுக்கு மட்டுமே உரியது, நான்தான் சுடலைக்கண்ணன், வேறு யாரும் இதைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் கணக்குக்காரனே உள்ளே வந்து அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும், இல்லையென்றால் கணக்குச் செத்துவிடும். எத்தனையோ தடவை படிக்காமல் போட்ட டிக்தான். போட்டான். சர்வரைக் கணக்கில் சேர்த்தான். அப்டேட் தொடங்கியது, ஃபைல் பெயர்கள் மழைநீர் வழிவதுபோல் திரையில் இறங்கின.

அப்போதுதான் மேல் மூலையில் இருந்த சிறிய எழுத்தைப் பார்த்தான். இதற்கு முன் ஒப்புக்கொண்டது: போன ஜூலை.

அதற்கு முந்தைய ஜூலையில் செத்தவன் கண்ணன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிளான்ட்டின் பம்பு ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரையில் மழை நெல்லைக் கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது, ஓய்வதும் வலுப்பதுமாக. டயாலிசிஸ் திரவத்தின் புளித்த காடி வாசம் எப்போதும்போல ஏசி வழியாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு வாசமும் இருந்தது. ஈர இரும்பும் பழைய எண்ணெயும் கலந்தது, வண்டி வருவதற்கு முன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அது. அவன் எழுந்து ஏசியின் அருகே போய் முகர்ந்தான். இல்லை. நாற்காலிக்குத் திரும்பினான். இருந்தது.

போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்தான். கண்ணன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்றிருந்தது.

கீதாவுக்குப் போன் போட்டான். கண்ணன் போனபிறகு அவள் அம்பர்நாத்தில் அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். உடம்பு எப்படி, பிள்ளை எப்படி என்று அவன் விசாரித்துவிட்டு, ஓடிபி அனுப்பியதற்கு நன்றி என்றான். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, அவுக போன் கெடைக்கவே இல்லியே," என்றாள் கீதா. "போலீஸ்காரவ தண்டவாளத்துல எவ்வளவோ தேடுனாவ. நம்பரையும் நான் அப்பவே கம்பெனில சொல்லி பந்த் பண்ணிட்டேன்."

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"எனக்கும் வந்துச்சு. போன வருசம் ஒருநாளு. அவுக பழைய லேப்டாப்ப தொறந்து போட்டோ எடுக்கலாம்னு பாத்தேன், எதுலயோ ஓடிபி கேட்டுச்சு. கேட்ட ஒடனே அவுக பேர்ல வந்துச்சு. அந்த இடவெளியப் பாத்தேன். பயமா இருந்துச்சு. நான் போடல, மூடி வச்சுட்டேன்." அவள் குரல் தணிந்தது. "நீங்க போட்டுட்டியளாண்ணே?"

போட்டேன் என்று அவன் சொன்னான். அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் 'சிம் இல்லை' என்று வந்தது.

சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. விசிறிகள் ஒரு கணம் நின்று, அறை முதல்முறையாக அமைதியாகி, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்தவன் விடுவதுபோல் ஒன்றாகச் சீறின. கதவருகே இருந்த வருகைப்பதிவு மெஷினில் சிவப்பு மினுங்கிப் பச்சையானது. அதுவும் கீழே முன்கதவில் இருப்பதும் இந்த சர்வரிலிருந்துதான் பெயர்களை எடுக்கும். விரல் வைத்தால் ஒரு பெண் குரல் பெயரைச் சொல்லும், பூட்டு திறக்கும்.

போய்விடலாம் என்று தோன்றியது. அப்டேட் அது பாட்டுக்கு ஓடட்டும். கீழே போய் உம்மாவுக்காக மழையில் நிற்கலாம். மனிதர்கள் நடக்கும் ரோட்டில்.

விரலை வைத்தான்.

"தேங்க் யூ, சுடலைக்கண்ணன்."

பூட்டு திறக்கவில்லை. கண்ணன் செத்த வாரமே அவன் அனுமதியை ரத்து செய்தது தப்ரேஸ்தான்.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். வேறு விரல். வேறு கை. அதே குரல், அதே பெயர், அதே இனிமை. உள்ளிருந்து திறக்கும் பொத்தானில் போன மழையிலேயே தண்ணீர் இறங்கிவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று மகேஷ்குமார் சொல்லிக்கொண்டே இருந்தார். கதவைத் தட்டினான். ஞாயிற்றுக்கிழமை. தளத்தில் யாருமில்லை. பம்பு முனகியது.

ஒரு வழி இருந்தது. சர்வருக்கும் பூட்டுக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து ஒரே பிளக். பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் போய்க் காந்தப் பூட்டு விட்டுவிடும். கூடவே பாதி அப்டேட்டில் சர்வரும் செத்துவிடும். காலையில் கட்டில் கிடையாது. யாருக்கும்.

குனிந்து பிளக்கைப் பிடித்தான். பிடித்தபடி தலையைத் தூக்கி, கேட்டையும் கட்டில்களையும் காட்டும் கேமரா திரையைச் சுவரில் பார்த்தான்.

கேட்டில் ஒரு டாக்சி நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. உம்மாவின் கால், ரப்பர் செருப்பு, தண்ணீரில். அவளுக்கு மேலே ஒரு குடை விரிந்தது. ஒரு கம்பி ஒடிந்த குடை. அவன் கீழே வாசலில் வைத்துவிட்டு வந்த குடை.

குடைக்குக் கீழே அவனுடைய கட்டம்போட்ட சட்டை. அவனுடைய முதுகு.

உம்மா பையை நீட்டினாள். அந்த உருவம் அதை இடது கையால் வாங்கிக்கொண்டது.

கீழிருந்து, படிக்கட்டு வழியாக, மழையையும் பம்பையும் தாண்டி அந்தப் பெண் குரல் தெளிவாகக் கேட்டது.

"தேங்க் யூ, தப்ரேஸ்."

முன்கதவு திறந்தது.

செருப்புச் சத்தம். நின்று நின்று. உம்மா ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவாள். அவளுக்குப் பின்னால் வேறு காலடி, ஈரமாக, அவசரமில்லாமல். தண்டவாள வாசம் தொண்டைக்குள் இறங்கியது. அவன் கதவைக் குத்தினான். உம்மா என்று கத்தினான். குரல் வெளியே வந்தது. அவனுடையதாக இல்லை. கரகரப்பாக, கொஞ்சம் சிரிப்போடு, வேறொருவனுடையதாக இருந்தது.

செருப்பு நின்றது. கதவுக்கு வெகு அருகில்.

"உள்ள யாரோ தட்டுறாவளே வாப்பா," என்றாள் நூர் நிஷா.

தப்ரேஸின் குரல் அவளுக்குப் பதில் சொன்னது. தப்ரேஸ் உள்ளே நின்று அதைக் கேட்டான்.

"அது நம்ம கண்ணந்தான் உம்மா. ரொம்ப நாளா அங்கதான் இருக்கான்."

"பாவம்," என்றாள் உம்மா. செருப்புச் சத்தம் நகர்ந்து போனது.

கேமரா திரையில் மூன்றாம் கட்டில். உம்மா படுத்திருந்தாள். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையைப் போர்வைக்கு மேலே வைத்திருந்தாள். அது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டது. பொறுமையாக. ஒரு மகன் செய்வதுபோல. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தது. இடது பெருவிரல் அசைந்தது.

சர்வர் திரையில் அப்டேட் பாதியில் நின்றிருந்தது. மறுபடி உள்ளே வரச் சொன்னது. நாற்பத்தொன்றில் முடியும் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. ஓடிபி இல்லாமல் மேலே போகாது. காலையில் சாஃப்ட்வேர் திறக்காது. மூன்றாம் கட்டிலின் மெஷின் ஓடாது.

அவன் கையில் சிம் இல்லாத போன் அதிர்ந்தது. கம்பெனியிடமிருந்து. அன்புள்ள சுடலைக்கண்ணன், உங்கள் ஓடிபி. ஆறு எண்கள்.

உடனே இன்னொரு தடவை அதிர்ந்தது. மேலே பெயர்: தப்ரேஸ்.

"கண்ணா, ஓடிபி அனுப்பு."

திரையில் உம்மா கண்ணை மூடியிருந்தாள். அதன் கை அவள் கையின் மேல் இருந்தது. அது தலையைத் தூக்கி கேமராவைப் பார்த்தது. காத்திருந்தது.

பிளக்கை மறுபடி பிடிக்கப் போன கை தானாக நின்றது. அவன் போனை மடியில் வைத்தான். இடது பெருவிரலை நீட்டினான்.

மூன்று எண்கள். ஓர் இடைவெளி.