முழு எலும்பு

ஞாயிறு, பிற்பகல் 1:10.

வடநாட்டுத் தாபோடியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தமிழர்களுக்காக மேரி நடத்தும் மெஸ்ஸில், கோவிந்தராஜ் கறிக்குழம்பிலிருந்து ஓர் எலும்பை எடுத்து உறிஞ்சப் போனார். உறிஞ்சவில்லை. விரல்களுக்கு நடுவே திருப்பிப் பார்த்தார். நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், மெல்லிய உடம்பு. முப்பது வருஷம் ஆட்டுக்கறி தின்ற கைக்குத் தெரிந்துவிட்டது.

"யம்மா மேரி, இது ஆடு இல்ல."

கால் மணி நேரத்தில் தட்டுகள் கவிழ்ந்தன. ஒருவன் சாக்கடையோரம் வாந்தி எடுத்தான். இன்னொருவன் தெருவில் நின்று "பில்லி! பில்லி!" என்று இந்தியில் கத்தினான். இந்தியில் அதற்குப் பூனை என்று பொருள், தமிழில் சூனியம். மேரிக்கு அன்று இரண்டும் ஒன்றுதான்.

திங்கள், காலை 10:15. 1999 பிப்ரவரி 8.

இது எதுவும் விலங்கியல் ஆசிரியை கோதைக்குத் தெரியாது. ஔந்த்தில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேஜை நீளத்துக்குத் தட்டுகளில் எலும்புகள்: தவளை, புறா, முயல், பூனை. பத்து நாள் முன்பு பழுப்பேறிப் பிசுபிசுத்துக் கிடந்தவை, இன்று உப்பளம் மாதிரி வெளுத்திருந்தன. நாளை ஆய்வகத்தைப் பரிசோதிக்கக் கமிட்டி வருகிறது.

"சபாஷ் ஸ்டீபன்!"

"கம்பில கோத்துட்டா முடிஞ்சுது மேடம்" என்றான் உதவியாளன் ஸ்டீபன். தற்காலிக வேலை, நிரந்தரமாக்கும் உத்தரவு இந்த மாதம் வரவேண்டும். ஏனோ அவன் தலை நிமிரவில்லை.

கோதை பர்னரைத் திருகினாள். புஸ் என்றுகூட வரவில்லை. வியாழக்கிழமையே தீர்ந்த சிலிண்டர். அலுத்துக்கொண்டு மூடினாள்.

காலை 11:05.

சப் இன்ஸ்பெக்டர் ஜாதவ் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார். "ஒரே கேள்வி மேடம். எந்த மிருகம்?" என்றார் இந்தியில்.

எலும்பு எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. கோதை கேட்கவும் இல்லை. எலும்பைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்துபோகிறவள் அவள். ஸ்டீபன் டீ வாங்கிவரப் போனான்.

"இது மேற்கை எலும்பு, இடது பக்கம்" என்றாள் அவள். மஞ்சளும் மசாலாவும் அப்பியிருந்ததை முழங்கை முனையில் மட்டும் துடைத்தாள். "இங்க பாருங்க. பக்கவாட்டுல நீளமா ஒரு சந்து, ஊசிக் காது மாதிரி. இது வழியா ஒரு நரம்பும் ரத்தக்குழாயும் போகும். பூனை மரம் ஏறும், கையைத் திருப்பி எலியை அமுக்கும். எப்படித் திருப்பினாலும் நரம்பு நசுங்காம இருக்க எலும்பே பாலம் கட்டி வெச்சிருக்கு. ஆட்டுக்கு இது கிடையாது. அதோட கை கதவுக் கீல் மாதிரி முன்னாடி பின்னாடிதான் போகும். நாய்க்கு ஓட்டை உண்டு, ஆனா நட்டநடுவுல, அது வழியா எதுவும் போறதில்ல."

"அப்போ?"

"பூனை. சந்தேகமே இல்ல."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜாதவ் தாளை மடித்துக்கொண்டு போனார். டீ வரவேயில்லை.

பகல் 12:45.

மதியச் சாப்பாட்டு டப்பாவும் வரவில்லை. கோதை சைவம். தினமும் மேரி தனிப் பாத்திரத்தில் வைக்கும் ரசத்தை அவள் தம்பி ஸ்டீபன்தான் கொண்டுவருவான். இன்று வெறுங்கையோடு வாசலில் நின்றான்.

"அக்கா அடுப்பு பத்த வெக்கல மேடம். நேத்து குழம்புல பூனை எலும்பு இருந்துச்சுன்னு கேஸ். அஞ்சு மணிக்கு சீல் வெக்க வராங்க."

"எந்த எலும்பு?" என்றாள் கோதை.

"காலைல நீங்க பாத்ததுதான்."

மெஸ் முன்னறை; பின்னறைதான் வீடு. இரண்டுக்கும் ஒரே கதவு. சீல் வைத்தால் மேரிக்கு அடுப்பும் இல்லை, படுக்கப் பாயும் இல்லை. அதற்குத் தன் கையெழுத்து.

பிற்பகல் 1:40.

கவிழ்ந்த தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள் மேரி. கோதையைப் பார்த்ததும் எழவில்லை.

"வாங்க டீச்சரம்மா. என் ரசத்தக் குடிச்சிட்டு என் தலையெழுத்த எழுதிட்டீங்களே."

"கறி எங்க வாங்கினீங்க?"

"கேட்டாண்ட கடை. பதினாலு வருசமா."

"எப்போ?"

"பூசை முடிஞ்சு வரச்சொல்ல. ஒம்போதரை."

"அதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தா?"

"தம்பி மட்டுந்தான். பாவம், நான் வந்து பாத்தா குழம்பு வெக்கிற பெரிய தேக்சாவப் பளபளன்னு தேச்சு வெச்சிருந்தான். ஒரு நாளும் செய்யாதவன்."

"கறியை எதுல கழுவினீங்க?"

"அதோ, மூங்கில் கூடைல." மேரி கவிழ்ந்த தட்டு ஒன்றைத் தள்ளினாள். "நேத்துலேந்து கத்துறேன், ஒருத்தனும் கேக்கல. என் குழம்புல முழு எலும்பு எப்படிம்மா வரும்?"

கோதை தலையாட்டினாள். அந்தக் கேள்வி அவளுக்குப் புரியவில்லை. அவள் பார்த்த எலும்பெல்லாம் முழு எலும்புதான்.

பிற்பகல் 2:30.

வாழ்க்கையில் முதல் முறையாகக் கறிக்கடை முன்னால் நின்றாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். கடைக்காரர் ஒரு தொடையை எடுத்து மரக்கட்டைமேல் போட்டார். கத்தி இறங்கியது. டக், டக், டக். தொடை எலும்பு ஆறு துண்டாயிற்று. அடுத்தது கை. டக், டக்.

"முழுசா யாருமே வாங்க மாட்டாங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "முழு எலும்பை வெச்சு என்ன பண்றது மேடம்? மஜ்ஜை எப்படி வரும்?"

கத்தி மறுபடி இறங்கியது. கோதையின் கை முந்தானையை விட்டுவிட்டது. கறி தின்கிற எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், இருபது வருஷம் எலும்பு படித்தவளுக்குத் தெரியவில்லை.

பிற்பகல் 3:15.

போலீஸ் சௌக்கியில் ஜாதவ் அலுப்போடு உறையைத் திறந்தார். இம்முறை அவள் முழங்கை முனையைத் தொடவில்லை. காலையில் முழங்கையில் விடை கிடைத்ததும் தோள்பட்டை முனையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! அங்கே உறைந்திருந்த மசாலாவைக் கொண்டை ஊசியால் கிளறினாள். மஞ்சள் கட்டி ஒன்று உதிர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் கொண்டை ஊசியைக் கீழே வைத்தாள்.

"என்ன மேடம்?"

"அஞ்சு மணிக்கு நானும் வரேன்."

கல்லூரிக்குப் போய்ப் பூனைத் தட்டிலிருந்த எலும்புகளை ஒரு முறை எண்ணினாள். பிறகு இன்னொரு முறை. திரும்பும் ஆட்டோவில், பேசாமல் ஔந்த்துக்கே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. அவளுடையதும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலைதான். வாயைத் திறந்தால் ஜூனில் அது இருக்காது.

"தாபோடியா, ஔந்த்தா மேடம்?" என்றார் ஆட்டோக்காரர், திருப்பத்தில்.

"தாபோடி."

மாலை 5:00.

தெரு நிறைய ஆட்கள். முனிசிபல் ஆள் மெழுகுவத்தியில் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். மேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தின் ஓரத்தில் ஸ்டீபன்.

"நிறுத்துங்க!" கோதை பாதி இந்தி, பாதி தமிழில் பேசினாள். "காலைல நான் எழுதினதுல தப்பில்ல. இது பூனைதான்."

கூட்டம் உறுமியது. மேரியின் கை நிலையிலிருந்து நழுவியது.

"ஆனா இந்தப் பூனை செத்து இருபது வருஷமாச்சு."

ஜாதவிடமிருந்து உறையை வாங்கி எலும்பைத் தூக்கிக் காட்டினாள்.

"கறிக்கடை எலும்புன்னா வெட்டு இருக்கும். இதுல கத்தி பட்ட கீறல் ஒண்ணுகூட இல்ல. மேரி நேத்துலேந்து சொன்னது அதுதான். எனக்குத்தான் விளங்கல. இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. முழங்கைப் பக்கம் இருக்கறது பூனை பொறந்தப்பவே இருந்தது. தோள் பக்கம் இருக்கறதைப் பாருங்க. வட்டமா, சுத்தமா, உள்ளே பச்சைக் களிம்பு. எந்த மிருகத்துக்கும் எலும்புல பித்தளைக் களிம்பு பிடிக்காது. எலும்புக்கூட்டைப் பித்தளைக் கம்பில கோக்க மனுஷன் டிரில் போட்ட ஓட்டை இது. எங்க காலேஜ் பூனையோட தட்டுல இடது மேற்கை எலும்பு இல்ல."

"அது இங்க எப்படி வந்தது?" என்றார் ஜாதவ்.

"பழைய எலும்புல எண்ணெய்ப் பிசுக்கு போகணும்னா சோடா போட்டு வேக வெக்கணும். லேப்ல வியாழக்கிழமையிலேந்து சிலிண்டர் காலி. ஆனா இன்னிக்குக் காலைல எலும்பெல்லாம் பளபளன்னு இருந்துது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தப்போ, இங்க ஒரு தேக்சாவும்..."

முடிக்க வேண்டியிருக்கவில்லை. மேரி திரும்பிவிட்டாள்.

"டேய் ஸ்டீபன். தேக்சாவ எதுக்குடா தேச்ச?"

அவன் வாய் கோணிக்கொண்டது. "கறி கழுவற கூடைல வடிகட்டினேன்க்கா. ஒண்ணு தங்கிடுச்சுன்னு தெரியாது, சத்தியமா. நேத்து பாத்ததும் தெரிஞ்சிடுச்சு. மியூசியம் சாமான வெளிய எடுத்தா டிஸ்மிஸ்க்கா. பர்மனென்ட் ஆர்டர் வந்ததும் சொல்லிடலாம்னு..."

"அதுக்குள்ள நான் தெருவுல படுத்துக்கணும்?"



"எழுதிக்குங்க" என்றாள் கோதை ஜாதவிடம். "எலும்பைக் கொண்டுவந்து, தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தவன் ஸ்டீபன். ஆனா முதல் பேரு என் பேரு. 'எப்படியாவது வெளுத்து வை'ன்னு சொன்னது நான். சிலிண்டர் காலின்னு தெரிஞ்சும் எங்க வேக வெச்சேன்னு கேக்காம சபாஷ் சொன்னதும் நான்."

"நாளைக்குக் கமிட்டி வருதே மேடம்?" என்றான் ஸ்டீபன்.

"வரட்டும். எழுதுங்க."

ஜாதவ் முனிசிபல் ஆளைப் பார்த்தார். அவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

"அப்ப நான் தின்னது ஆடுதானம்மா?" என்றார் கோவிந்தராஜ்.

"ஆடுதான்."

"பூனையக் கொதிக்க வெச்ச தேக்சால" என்றார் அவரே.

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஜாதவ் மூங்கில் கூடையைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு, வாக்குமூலத்துக்கு ஸ்டீபனைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாலை 7:00.

மேரி தேக்சாவை நாலு தரம் கழுவினாள். அடுப்பைப் பற்ற வைத்து, பழக்க தோஷத்தில் நாற்பது பேருக்கு உலை வைத்தாள். கதவு அகலத் திறந்திருந்தது. யாரும் வரவில்லை. தெருவில் போனவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள்.

கோதை வாசலுக்கு நேரே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். "ரசம் ஊத்துங்க."

மேரி ஊற்றினாள். "டீச்சரம்மா, அடுத்த வாட்டி எலும்பு வந்தா, அதத் தின்னுறவங்களையும் ஒரு வார்த்த கேளுங்க."

கோதை தலை குனிந்து சாப்பிட்டாள். இரண்டாவது கவளத்தில் வாசலில் நிழல் விழுந்தது. கோவிந்தராஜ். படியேறினார், தயங்கினார், செருப்பைக் கழற்றினார்.

"குழம்பு வேணாம். ரசம் போதும்."

அவருக்கும் ஊற்றிவிட்டு, மேரி இன்னொரு தட்டில் சோறு போட்டாள். தம்பி வந்தால் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசுவாளா என்றும் தெரியவில்லை. தட்டை மூடிவைத்தாள். பிறகு யோசித்து, மூடியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

தெருவில் பூனைகள் அதிகம்.